பச்சை வலைக்குப் பின்னால் எங்கள் தெரு

ஞாயிறு, இரவு.

இன்று காலை செய்ததை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கும் பெரிய அதிகாரி எந்த ஊருக்குப் போனாலும் ஓடியேதான் சுற்றிப் பார்ப்பாராம். உற்பத்தி லைனில் வேலை செய்பவர்களில் ஓட்டக்காரன் நான் ஒருத்தன்தான் என்று என்னை வழிகாட்ட அனுப்பினார்கள். ஏரிக்கரைக்கு எங்கள் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தெரு வந்ததும் திகைத்துவிட்டேன். சாக்கடை, குப்பை, எங்கள் வீடுகள் எதுவும் தெரியாதபடி தெரு நீளத்துக்கும் கம்பெனிக்காரர்கள் பச்சை வலை கட்டியிருந்தார்கள். வலைக்குப் பின்னால் என் மனைவி ஸ்டெல்லா நிழலாக நின்று கையசைத்தாள்.

"அங்கே என்ன?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். பைக்கில் கூடவே வந்த மேனேஜர் முந்திக்கொண்டு, "நர்சரி சார், செடி வளர்க்கிறாங்க" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். த்தூ.

மதியமே வலையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாவற்றையும் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். காறித் துப்புவாள் என்று பார்த்தால், ஜன்னலில் படிந்த லாரிப் புழுதியைத் துடைத்துக்கொண்டே கேட்கிறாள்:

"காலைல வூட்டுக்குள்ள துளி தூசு வர்ல, தெரியுமா? அந்த சாரு மறுபடி எப்போ ஓட வராராம்?"