அது ஈ.பி. அட்டை இல்லை

நேற்று சாயங்காலம் என் மகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "அம்மா, இதுல ஈ.பி.ன்னு ஒண்ணு வருது பாரு. கரண்டு பில்லு கட்டச் சொல்லுதா இன்னா?" என்றாள். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தேன். திரையின் மேல்பாதியில் ஒரு ஜெர்மன் சொல். கீழ்ப்பாதியில் இரண்டே எழுத்து: eP.

மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. மகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அது ஈ.பி. இல்லடி. நீ."

"நானா?"

"நீ இல்ல. அவ."

பாவம், குழம்பிப்போனாள். அவள் இப்போது ஜப்பான் மொழி படிக்கிறாள். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தம் என்று அட்டை அட்டையாகக் காட்டுகிற ஒரு ஆப் அவள் போனில் இருக்கிறது. அலமாரியைச் சுத்தம் செய்தபோது கிடைத்த, நீயும் நானும் அட்டைகளைப் பதிந்து வைத்த பழைய சி.டி.யைக் கல்லூரிக்கு எடுத்துப்போய், அதிலிருந்த அட்டைகளை அதில் ஏற்றிப் பார்த்திருக்கிறாள். ஜெர்மன் சரியாக வந்துவிட்டது. தமிழ்தான் வரவில்லை. நம் பழைய தமிழ் ஃபான்டில் 'நீ' அடிக்க e, P என்று இரண்டு விசை அமுக்க வேண்டும். அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் எழுத்து போய்விடும், அமுக்கிய விசை மட்டும் நிற்கும். அப்படித்தான் நீ ஈ.பி. ஆனாய். கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

"அவங்களுக்கு ஜெர்மன் எதுக்கும்மா?" என்று உன்னைப் பற்றி மகள் கேட்டாள். சொல்ல ஆரம்பித்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த என் டி.டி.பி. சென்டரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆரணியில் சந்துக்கொரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த வருடங்கள் அவை. நான் காலையில் கல்யாணப் பத்திரிகை அடிப்பேன், மத்தியானத்துக்கு மேல் இன்டர்நெட். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நீ. பக்கத்திலிருக்கும் சேவூருக்குக் கல்யாணமாகிப் போய், மஞ்சள் கயிறு நிறம் மாறுவதற்குள் உன் வீட்டுக்காரர் கம்பெனி வேலையாக ஜெர்மனி போய்விட்டார். நீயும் போய்ச் சேர வேண்டுமானால் அந்த ஊர்ப் பாஷையில் ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும், அப்போதுதான் விசா. பிளஸ் டூவில் ஆங்கிலத்தையே அரும்பாடு பட்டுத் தாண்டியவளுக்கு ஜெர்மன்!

முதலில் நீ கொண்டுவந்தது நிஜ அட்டை. உன் அண்ணன் டிசைன் அட்டை குத்துகிற கடையில் வேலை பார்த்தார். சேலைக் கரையில் கொடி வர வேண்டுமா மயில் வர வேண்டுமா என்று தறிக்குச் சொல்கிற ஓட்டை அட்டை. தப்பாகக் குத்திப்போனதையெல்லாம் வாங்கி நறுக்கி, முன்பக்கம் ஜெர்மன், பின்பக்கம் தமிழ் என்று எழுதிக் கட்டுக் கட்டாக வைத்திருந்தாய். நான் நீட்ட நீட்ட நீ கடகடவென்று சொன்னாய். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கே பொறாமையாக இருந்தது. பரீட்சைக்குப் போனாய், கோட்டை விட்டுவிட்டு வந்தாய்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அதே சொல்லை வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டினேன், திருதிருவென்று விழித்தாய்.

"ஓட்டைய பாத்துதான்டி சொல்லிகினு இருந்தேன். மூணு ஓட்டை சாய்வா இருந்தா ஜன்னலு. ஓரமா ஒண்ணு இருந்தா ரொட்டி."

தறிக்காரர் வீட்டுப் பெண் இல்லையா, ஓட்டையைப் படிக்க உனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. முந்தின நாள் உன் வீட்டுக்காரர் போனில் சொன்னதை அப்போதுதான் சொன்னாய். இன்னும் ஒரு தடவை எழுதிப் பார், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு நானே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் உனக்குப் பெரிய பாரம்.

"அவரு வந்துட்டா ஊரு அவர சொல்லாதுடி. இவளுக்கு நாலு வார்த்த ஏறல, அவன் பொழப்பு போச்சுன்னு என்னத்தான் சொல்லும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

ஓட்டை இல்லாத அட்டை வேண்டும் என்றுதான் கம்ப்யூட்டரில் தேட ஆரம்பித்தோம். நீ சாஃப்ட்வேர் தேர்ந்தெடுத்த அழகை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. முதலில் போட்டது, தப்பாகச் சொன்னால் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டு 'பேங்' என்று கத்தும். "எங்க மாமியாரே இந்தக் கத்து கத்தமாட்டாங்க, எடுத்துடு" என்றாய். அடுத்தது பார்க்க லட்சணமாக இருந்தது, சொல்லுக்குச் சொல் படம். கொஞ்ச நாளில் கெடு முடிந்துவிட்டது, கிரெடிட் கார்டு நம்பர் கொடு என்று நின்றது. நம் இரண்டு வீட்டிலும் இருந்த ஒரே கார்டு ரேஷன் கார்டு. மூன்றாவதுதான் நமக்கு வாய்த்தது. படம் கிடையாது, சத்தம் கிடையாது, வெள்ளைத் திரை. பதிலைக் காட்டிவிட்டு நான்கு பட்டன் மட்டும் நீட்டும். மறந்துவிட்டேன், கஷ்டம், தெரியும், ரொம்ப ஈஸி என்று அவற்றின் அர்த்தத்தைத் தமிழில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டிவைத்தேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று நான் விளக்கியதும் உனக்குப் பிடித்துப்போனது. தெரியும் என்று அமுக்கினால் அந்த அட்டை நாலு நாள் கழித்து வரும். மறுபடி தெரியும் என்றால் பத்து நாள், அப்புறம் மாதக்கணக்கு. மறந்துவிட்டேன் என்றால் நாளைக்கே வந்து நிற்கும்.

"அப்ப தெரிஞ்சது தூரப் போயிடும், தெரியாதது நம்மகிட்டயே கெடக்கும். நல்ல நியாயம்டி இது" என்றாய்.

தமிழ் அர்த்தமெல்லாம் நீயே அடிக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று படித்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஆரம்பித்து, கடைசியில் பார்க்காமலே அடித்தாய். ஒருநாள் 'ஃப்ராய்ண்டின்' என்ற சொல் வந்தது. நான் 'தோழி' என்று அடித்து வைத்தேன். நீ கீபோர்டைப் பிடுங்கி அதை அழித்தாய்.

"நமக்குள்ள இன்னாடி தோழி கீழின்னு. நீன்னு போடுறேன்."

'நீ' என்றே அடித்தாய். அந்த அட்டை வரும்போதெல்லாம் மறந்துவிட்டேன் பட்டனைத்தான் அமுக்குவாய். தெரிந்ததைத் தெரியவில்லை என்று அமுக்கினால் கணக்கே கெட்டுவிடும் என்று திட்டுவேன். "கெடட்டும்டி. இது ஒண்ணாவது தெனம் வரட்டும்" என்பாய். அப்போது நீ இங்கேதான் இருந்தாய், நான் உன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். இருந்தும் போகப்போகிறவளின் பேச்சு அது என்று எனக்குப் புரிந்தது. உன்னைத் தூரத்துக்கு அனுப்பத்தானே நானும் தினம் உட்கார்ந்து அட்டை போட்டேன்! நீ தேற வேண்டும் என்று சாமியைக் கும்பிடுவேன். கும்பிட்டு முடித்ததும், கொஞ்சம் தள்ளித் தேறட்டும் என்றும் சேர்த்துக்கொள்வேன்.

படிப்பது ஏறிவிட்டது, காதுதான் ஒத்துழைக்கவில்லை. பரீட்சையில் ஒலிநாடா போட்டுக் கேள்வி கேட்பார்கள். முதல் தடவை அதிலும் விழுந்திருந்தாய். நம் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பில் அட்டைக்கு அட்டை குரலும் சேர்க்கலாம் என்று படித்தோம். "போட்டுடுடி, ஜல்தி" என்றாய். இரண்டு தடவை கரண்டு போய், மூன்றாம் தடவை இறங்கி முடிந்தது. பழைய அட்டைகளைப் புதுசுக்கு மாற்றட்டுமா என்று கேட்டது. நீயே ஆமாம் என்று அமுக்கினாய்.

தமிழ் மொத்தமும் போய்விட்டது. புதுசுக்கு நம் ஃபான்ட் ஆகவில்லை. அட்டைக்கு அட்டை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகச் சிந்திக் கிடந்தன. பழைய பதிப்பைத் திரும்பப் போட்டேன். மாற்றிய ஃபைலைத் திறக்கவே மாட்டேன் என்றது. பரீட்சைக்கு ஒரு வாரம்கூட முழுசாக இல்லை. "பேஜாராப் போச்சுடி" என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ கத்தவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதில் mk;kh என்று இருந்தது. மேசைமேல் விரலை வைத்து, கீபோர்டு இருப்பதுபோல மெதுவாகத் தட்டினாய்.

"ஏய், இது அம்மாடி."

அடுத்ததைத் தட்டினாய். வீடு. அதற்கடுத்தது மழை. அடித்தது நீதானே, கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க, குரலையும் போட்டுக் கேட்டுக்கொண்டே, இரண்டு பேரும் மேசையைத் தட்டித் தட்டிப் படித்தோம். பத்திரிகை வாங்க வந்த பெரியவர் நம்மைப் பார்த்துவிட்டு, "பொண்ணுங்களா, தாளம் கத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். இந்தத் தடவை ஓட்டையைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. ஒவ்வொன்றையும் தட்டி எழுப்பினால்தான் அர்த்தம் வரும். அதனால்தான் ஆழமாக இறங்கியது என்று இப்போது நினைக்கிறேன். பரீட்சைக் கூடத்திலும் நீ மேசையைத் தட்டிக்கொண்டே எழுதியதாகவும், மேற்பார்வைக்கு வந்த அம்மா இரண்டு தடவை முறைத்ததாகவும் வந்து சொன்னாய். தேறிவிட்டாய்.

விமானம் ஏறிப்போய், முதல் மெயில் போட்டாய். அங்கே உன் கம்ப்யூட்டரில் தமிழ் ஃபான்ட் இல்லை. ehd; ey;yh ,Uf;Nfd; என்று வந்தது. நான் மேசையைத் தட்டினேன். நான் நல்லா இருக்கேன். சென்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

அப்புறம் எல்லா போனிலும் தமிழ் வந்துவிட்டது. உன் அண்ணன், மாமியார் வீடு, நாம் எல்லாரும் இருந்த குரூப்பில் நீ அழகான தமிழில் எழுதினாய். எனக்கு மட்டும் பழையபடி. எதற்கு இன்னும் இந்தக் கூத்து என்று ஒருதடவை கேட்டேன். "அது ஊருக்குடி. இது நமக்கு" என்று பதில் போட்டாய்.

ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் அந்த வழக்கத்தை நீ விடவில்லை. குரூப்பில், 'நான் நல்லா இருக்கேன், யாரும் கவலைப்படாதீங்க' என்று தமிழில் வரும். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தனியாக ஒன்று வரும்: typf;FJb. வலிக்குதுடி. எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பதில் போடுவேன். வேறென்ன செய்ய முடியும்? அவ்வளவு தூரத்துக்கு என்னால் எட்டி உன் காலைப் பிடித்துவிட முடியவில்லை. ஆனாலும் உலகத்தில் ஒருத்தியிடமாவது நீ வலிக்கிறது என்று சொன்னாயே, அந்த ஒருத்தி நான் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு.

உன் காரியத்துக்கு ஊருக்கு வந்திருந்தபோது உன் வீட்டுக்காரர் உன் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஆள் பாதியாகிப்போயிருந்தார்.

"கடைசியில இன்னா இன்னாவோ அமுக்கிகினு இருந்தாங்க. மருந்து மயக்கம்னு நெனச்சேன். எல்லாம் உங்களுக்குத்தான் வந்துகினு இருந்திருக்குது."

"மயக்கம் இல்லீங்கண்ணா. அது தமிழுதான்."

"இன்னா எழுதியிருக்குறாங்க?"

போனை வாங்கினேன். கடைசியாக அனுப்பியது வலியைப் பற்றியது. அதற்கு முந்தினதும் அதுதான். விரலால் தள்ளிக்கொண்டே மேலே போனேன். உன் முதல் மெயிலில் இருந்த அதே வரி ஒரு தீபாவளிக்கு எழுதியதில் இருந்தது. அதைக் காட்டி, "நான் நல்லா இருக்கேன்னு எழுதியிருக்காங்கண்ணா" என்று படித்தேன். அவர் அந்த எழுத்துகளை விரலால் தடவினார். "நல்லா இருந்தாங்களா?" என்று கேட்டார். "இருந்தாங்கண்ணா. உங்ககூட இருக்கத்தான அவ்ளோ பாடுபட்டாங்க" என்றேன். அது பொய் இல்லை. நீயும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பாய்.

நேற்று மகளுக்கு இதில் பாதிதான் சொன்னேன். அவள் அந்தத் தமிழையெல்லாம் ஒரே நொடியில் சரிசெய்ய ஏதோ வசதி இருக்கிறது, மாற்றித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மாற்றினால் எல்லாரும் படிக்கலாம். விரலுக்கு வேலை இருக்காது. அப்படியே என் போனில் ஏற்றித் தரச் சொன்னேன்.

இன்று காலை, பால் பொங்குவதற்குள் திறந்தேன். முதலில் நீதான் வந்தாய். ஃப்ராய்ண்டின். அடுப்பு மேடையில் இரண்டு விரலால் தட்டினேன். கீழே நான்கு பட்டன் காத்துக்கொண்டிருந்தன. தெரியும் என்று அமுக்கினால் நீ நாலு நாள் தள்ளிப் போவாய், அப்புறம் பத்து நாள், அப்புறம் எப்போதோ.

மறந்துவிட்டேன் என்று அமுக்கினேன். கணக்கு கெடட்டும். நாளைக்கும் வந்துவிடு.