நான்காவது ஸ்டாண்டு

அன்புக்கும் அடிக்கும் உரிய சரவணண்ணே,

இதனால் சகலருக்கும், குறிப்பாக உனக்கும், அறிவிப்பது என்னவென்றால்: நம் பட்டறைப் பூனை உன் ரேஸ் ஹெல்மெட்டுக்குள் மூன்று குட்டி போட்டிருக்கிறது. தாயும் சேய்களும் நலம். ஹெல்மெட் நலமில்லை.

அடுத்த செய்தி. உன் சிவப்புக் காருக்குள் இரும்புக் கூண்டு ஏறிவிட்டது. கார் உருண்டாலும் ஓட்டுகிறவன் நசுங்கக் கூடாது என்று நீ குழாய் வளைத்து வைத்திருந்த அதே கூண்டு. கடைசியில் மஞ்சள் காமாலை வந்து, உருளாமலே போய்விட்டாய். "பதினேழு வயசுல தனியாளா கூண்டை முடிச்சுட்டேன்ல" என்று அவனியாபுரம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வெல்டிங் வைத்தது காதர் அண்ணன். மேஸ்திரி நான்.

காரைத் தூக்கி நான்கு ஜாக்கி ஸ்டாண்டில் ஒரே மட்டமாக நிறுத்த வேண்டும் என்பாய். ஒரு மூலை தாழ்ந்தாலும் பாடி முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கோடு கூண்டை ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் நிமிராது என்பாய். எல்லாம் ஞாபகம் இருந்தது. ஸ்டாண்டுதான் மூன்று இருந்தது.

நான்காவது எங்கே போனது என்று உனக்குத் தெரிய வழியில்லை. நீ அதன்மேல்தான் படுத்திருந்தாய். நம் வாசலில் தரை சரிவு, உன்னை வைத்த ஐஸ் பெட்டி ஆடியது. அப்பா பட்டறைக்குப் போய் ஒரு ஸ்டாண்டை எடுத்துவந்து கால்மாட்டில் முட்டுக் கொடுத்தார். அந்த நேரத்திலும் மட்டம் பார்த்துத்தான் கொடுத்தார்.

"எழவு வீட்டுச் சாமான் பட்டறைக்குள்ள வரக்கூடாதுன்னு அம்மா சொல்லிருச்சுண்ணே" என்று காதர் அண்ணனிடம் சொன்னேன். எனக்கென்ன பயம்? சேலையைப் போர்த்திப் பேயாக வந்து, உன்னையே சைக்கிளோடு சாக்கடையில் தள்ளியவன் நான். அம்மாவுக்காகத்தான் என்று சொல்லி நான்காவது மூலையில் ஒரு மரக்கட்டையை வைத்தேன்.

"கட்டை அமுங்கும்டா மாப்ள."

"எங்க வீடு என்னையவே தாங்குது. கட்டை காரைத் தாங்காதாண்ணே?"

"உன் வாய்க்கு முதல்ல ஒரு முட்டுக் கொடுக்கணும். கதவையாச்சும் அப்பப்ப மூடிப் பாரு."

பார்க்கவில்லை. கதவைத் திறந்து போட்டபடியே கடைசிக் குழாய் வரை ஒட்டி முடித்தோம். காரை இறக்கினால், டிரைவர் பக்கக் கதவு மூடவில்லை. இரண்டு விரல் இடைவெளி. இடித்தேன், உதைத்தேன், கெஞ்சினேன். "பாடியே முறுக்கிருச்சு. இனி அறுத்தாலும் தேறாது" என்றார் காதர் அண்ணன். உன் பக்கக் கதவுண்ணே அது.

அப்பா திட்டவில்லை. "பழைய இரும்புக்குப் போட்டுரலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம். நீ இருந்திருந்தால் என்னை எம்புட்டுத் திட்டியிருப்பாய்? அங்கே உன்னிடம் வாயாட யாராவது இருக்கிறார்களா?

வியாழக்கிழமை லாரி வருகிறது. கதவைக் கயிற்றால் கட்ட விடமாட்டேன். நானும் லாரியில் ஏறி, இரும்புக் கடை வரை அதைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டே போவேன். இது சத்தியம்.

இன்னொன்று. எழவு வீட்டுச் சாமான் வரக்கூடாது என்று அம்மா சொல்லவே இல்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் அந்த ஸ்டாண்டைக் கழுவி, காருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தது. அதைச் சாக்கில் சுற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தவன் நான்தான். வெறுங்கையால் தொட முடியவில்லை அண்ணே. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

உன் பயந்தாங்கொள்ளித் தம்பி,
மணி