நம் பெண் கேட்ட நாற்காலி

ஏம்புள்ள சாந்தாமணி,

சௌக்கியமா என்று கேட்கிற இடத்தில் நீ இல்லை. ஆனாலும் கேட்காமல் எழுத வரமாட்டேன் என்கிறது. நம் தர்ஷினி பிளஸ் டூ முடித்துவிட்டாள். நல்ல மார்க். நீ இருந்திருந்தால் அன்றைக்கே அன்னூரில் உன் அண்ணன் வீடு வரைக்கும் போன் போட்டுப் பீற்றியிருப்பாய். அந்த வேலையையும் நானே செய்தேன்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது வினை. உன்னைப் போல அவளும் நர்ஸாக வேண்டும் என்று நான். ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்து, பில்லிங், இன்சூரன்ஸ் என்று ஆபீஸ் பக்கம் போகிறேன் என்று அவள். ஒரு மாதமாக வீட்டில் இதே மல்லுக்கட்டு. லேத்துப் பட்டறையில் இரும்போடு மாரடிக்கிறவனுக்கு இதில் என்ன தெரியும் என்று நீயே கேட்பாய். ஒரு நர்ஸோடு குடித்தனம் நடத்தியவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காபி கொடுத்த கையோடு நீ கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "ராத்திரி டூட்டி இருக்குமுங்க. நோம்பி, பண்டிகை நாள்லயும் போகோணும். ஒத்துவருங்களா?" என் அம்மா டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டாள். எங்கே சம்பந்தம் கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் நான்தான் முந்திக்கொண்டு, "வருமுங்க, வருமுங்க" என்றேன். உன் அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் உன் கையைப் பிடித்தால், உன் விரல் என் மணிக்கட்டுக்கு வரும், கண் வாட்சுக்குப் போகும். "ஏம்புள்ள, நான் ஆசையாப் புடிச்சா நீ நாடி பாக்கறயா?" என்பேன். "பழக்கமாயிப்போச்சுங்க மாமா" என்று வெட்கப்படுவாய். அப்புறமும் விடமாட்டாய், எண்ணி முடித்துவிட்டுத்தான் விடுவாய்.

காரமடைத் தேருக்கு வருடா வருடம் உனக்கு லீவு கிடைக்காது. கிடைத்த அந்த ஒரு வருடம், தேர் நம் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். நீ கூட்டத்தை விலக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாய். அவர் கண் விழித்த பிறகுதான் நிமிர்ந்து, "தேர் போயிருச்சுங்களா?" என்று கேட்டாய். எனக்கு வந்த கோபத்தில் வீடு வரும்வரை பேசவில்லை. இன்றைக்கு அந்தத் தேரை நினைத்தால் எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை, புழுதியில் உட்கார்ந்திருந்த நீதான் வருகிறாய்.

இதையெல்லாம் வைத்துத்தான் பிடிவாதம் பிடித்தேன். அவள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். பட்டறையில் பாதி நாள் அந்த நினைப்பிலேயே ஓடியது.

எந்தப் படிப்பு என்று திங்கட்கிழமை முடிவு சொல்லியாக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி சாப்பிடும்போது வாயை விட்டேன். "உங்கம்மா எத்தன பேர எழுப்பி உக்கார வெச்சிருக்கா தெரியுமா கண்ணு? அத உட்டுப்போட்டு கம்ப்யூட்டர் முன்னால உக்கோந்து பில்லு தட்டப் போறயாக்கும்?"

அவள் கோபப்படவில்லை. உன்னை மாதிரியே குரலை இறக்கிப் பேசினாள்.

"அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நர்ஸுங்க எல்லாரும் நல்லாத்தானுங்கப்பா பாத்துக்கிட்டாங்க. நமக்கு ஆளில்லாமப் போனது கீழ ஆபீஸ்லதானுங்க. அம்மா கடைசியா முழிச்சுப் பேசுனப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

கீழே இன்சூரன்ஸ் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்சூரன்ஸுக்கு அந்தப் பேப்பர் வேணும், இந்தக் கையெழுத்து வேணும்னு காலையில இருந்து உங்கள அலைய உட்டுட்டாங்க. அம்மா ரெண்டு தடவ, 'அப்பா எங்க கண்ணு'ன்னு கேட்டாங்க. வந்துட்டே இருக்காங்கன்னு சொன்னேன்." தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "அந்த ஆபீஸ் நாற்காலில நான் உக்காரோணுமுங்கப்பா. உங்களாட்டம் ஒருத்தர் வந்து நின்னா, 'நீங்க மேல போயி அவங்க பக்கத்துல இருங்க, இத நான் பாத்துக்கறேன்'னு சொல்லோணும்."

நீ என்னைத் தேடினாய் என்பதே எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. நான் தாங்கமாட்டேன் என்று இத்தனை நாள் அந்தக் குழந்தை தனியாகச் சுமந்திருக்கிறாள். கை கழுவப் போகிறவன் போல எழுந்து போய்க் குழாயடியில் நின்று அழுதேன், சாந்தாமணி. என்னிடம் என்ன சொல்ல இருந்தாய்? ஏதாவது சொல்ல இருந்ததா, இல்லை பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதான் கேட்டாயா?

திங்கட்கிழமை அவள் கேட்ட படிப்பிலேயே சேர்த்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். உன் வேலையை அவளிடம் கொடுத்தால் நீ வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாய் என்று இந்தக் கிறுக்கன் நம்பியிருக்கிறான், பார். அவள் அவளாகவே இருக்கட்டும். உன்னைத் தேடுவது என் பாடு. அதை இனி அந்தப் பிள்ளை தலையில் கட்ட மாட்டேன், இது உன்மேல் சத்தியம்.

இப்போதும் உன் ஊட்டுக்காரன்,
துரைசாமி