மச்சான் சீரும் இரண்டு கால் கேரட்டும்

அன்பு மச்சானுக்கு,

நேற்று நாமக்கல்லில் உங்கள் வீட்டில் வருஷப் படையல் போட்டோம். நீங்கள் வந்து சாப்பிட்டீர்களா என்று தெரியவில்லை. இலையில் எதுவும் குறையவில்லை. உயிரோடு இருந்தபோது உங்கள் இலையில் அப்படி மிஞ்சி நான் பார்த்ததில்லை. உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். முதலிலேயே சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதால் வரிசையாகவே சொல்கிறேன்.

சூரமங்கலம் ரயில்வே ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்று, மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டின் பின்னால் நான் பாத்தி கட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். கேரட் போடப் போகிறேன் என்றதும் நீங்கள் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். "ஏனுங்க மாப்ள, மலைக்குக் கீழ குடியிருந்தா மலைக்காரனாயிர முடியுங்களா? ஒரே ஒரு கேரட்ட நேராப் புடுங்கிக் காட்டுங்க, நான் மொட்டை போட்டுக்கறேன்." உங்கள் தலையில் மழிப்பதற்கு அதிகம் பாக்கியில்லை என்பதை நான் பெருந்தன்மையோடு சொல்லாமல் விட்டேன்.

அதோடு விட்டீர்களா? அந்தத் தீபாவளிக்குத் தங்கைக்குச் சீர் கொண்டுவந்தபோது, சேலையும் பலகாரமும் பின்சீட்டில் வந்தன. டிக்கியில், தீவனச் சாக்குகளில் கட்டி, உங்கள் பண்ணைக் கோழி எரு வந்தது. கூண்டுக்கு அடியிலிருந்து அள்ளி ஈரம்கூடக் காயாத எரு. சீர்வரிசையில் எருவுக்கு இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது. உங்கள் தங்கை அதைச் சேலையைவிட மரியாதையாக இறக்கி வைத்தாள். மனைவியின் பிறந்த வீட்டுச் சீரை வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை யாராவது இருந்தால், அதற்குப் பிறகு அவர் எங்கே சாப்பிட்டார் என்று விசாரிக்க வேண்டும்.

எனவே எல்லாவற்றையும் கேரட் பாத்தியில் கொட்டினோம். தழை முழங்கால் உயரம் வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். தை மாதம் நீங்களே வந்து பிடுங்கினீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், சிலவற்றுக்கு மூன்று, உடம்பெல்லாம் ரோமம். ஒரு கேரட் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது, எங்கள் பழைய ஆபீஸ் சூப்பரின்டெண்ட் மாதிரி. நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னீர்கள்: "எரு பத்தலீங்க மாப்ள."

அடுத்த வாரமே இன்னும் சில மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். அதன் பிறகு நீங்கள் வரவில்லை. மாசியில் உங்கள் மகன் போன் செய்தான். பண்ணையில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றான்.

காரியமெல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் அந்த மூட்டைகளை யாருடைய தென்னந்தோப்புக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சாக்கின் வாயில் கை வைத்ததுதான் தாமதம்.

"ஏனுங்க, அதத் தொட்டீங்கன்னா பாருங்க. எங்கண்ணன் கடைசியா எறக்கி வெச்ச சீருங்க அது. ஒரு கூடைகூட இந்த ஊட்ட உட்டு வெளிய போகக் கூடாது."

"அம்மிணி, இது கேரட்டுக்கு ஆகாது. பச்சை எருவுலதான் கால் முளைக்குது, பாத்தீல்ல?"

"ஆகறாப்பல பண்ணுங்க. வருசப் படையலுக்கு இந்த எருவுல வெளஞ்ச கேரட்டத்தான் அண்ணன் எலையில வெப்பேன். அண்ணிகிட்டச் சொல்லிட்டேன்."

ஆக, எருவும் வீணாகக் கூடாது, கேரட்டும் வர வேண்டும். காலோடு வந்தால் அவளுக்குப் பரவாயில்லை. எனக்கு அப்படியல்ல. இரண்டு கால் கேரட்டை உங்கள் இலையில் வைத்தால், செத்த பிறகும் நீங்கள் ஜெயித்ததாக ஆகிவிடும். விடுவேனா?

மூட்டைகளைப் பிரித்து, வேப்பஞ்சருகும் தேங்காய் நார்க் கழிவும் கலந்து, கொய்யா மர நிழலில் குவித்துத் தண்ணீர் தெளித்தேன். அவ்வப்போது புரட்டிப் போட்டேன். ரயில்வேயில் ஒரு கோப்பு கனிய எத்தனை காலம் ஆகும் என்று அறிந்தவன் நான், எருவையும் அவசரப்படுத்தவில்லை. கோடை கழிந்தபோது வாடை போய்விட்டது, சூடும் போய்விட்டது. கையில் எடுத்தால் உதிர்ந்தது, கறுப்பாக, காபித்தூள் போல.

அப்போதும் கேரட் போடவில்லை. பாத்தியில் எருவைக் கலந்து கத்தரியும் தண்டுக்கீரையும் வைத்தேன். உங்கள் சீரில் மிச்சமிருந்த வேகத்தை அவை வாங்கிக்கொள்ளட்டும் என்று கணக்கு. உங்கள் தங்கைக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "கேரட்டு போடச் சொன்னா கத்திரிக்கா போடறீங்க. எங்கண்ணன ஏமாத்தறீங்களா?" என்றாள். கத்தரிக்காயைப் பொரியலாகவும் குழம்பாகவும் தின்றுகொண்டே இந்தச் சந்தேகத்தை அவள் ஐப்பசி வரை காப்பாற்றினாள்.

ஐப்பசியில் கத்தரியைப் பிடுங்கிவிட்டு, மண்ணை முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, மணல் சலிக்கிற சல்லடையில் போட்டுச் சலித்தேன். அத்தனையும் சுண்ணாம்புக் கல். ஒரு கல் வழியில் நின்றாலும் வேர் பிரிந்துவிடும். எதிர்வீட்டுப் பழனிசாமியை உங்களுக்குத் தெரியும், போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவர். சல்லடையைப் பார்த்துவிட்டு மதில்மேல் எட்டினார்.

"ஏனுங்ணா, மாடி எடுக்கறீங்களா?"

"இல்லீங்க, கேரட் போடறேன்."

குழியை எட்டிப் பார்த்தார். பிறகு, "கீழ போகலீன்னா சொல்லுங்க. வண்டி சும்மாதான் நிக்குது" என்றார்.

விதையை மணலோடு கலந்து நேராகப் பாத்தியிலேயே தூவினேன். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் வேர் அங்கேயே கோணிக்கொள்ளும். எரு ஒரு பிடிகூடப் புதிதாகப் போடவில்லை. நெருக்கமாக முளைத்தவற்றைக் கலைத்துவிட வேண்டியிருந்தது. "மொளச்சதப் புடுங்கறதுங்களா? பாவமுங்க" என்று உங்கள் தங்கை உள்ளே போய்விட்டாள். ஆள்குறைப்புச் சுற்றறிக்கைகளைப் பல காலம் தட்டச்சு செய்த கை இது. மண்ணில் அதைச் செய்தது இதுதான் முதல் தடவை. தோள் வெளியே தெரிந்தவற்றுக்குப் பச்சை ஏறாமல் மண் அணைத்தேன். நடுவில் ஒன்றைப் பிடுங்கிப் பார்க்க ஆசை வந்தபோதெல்லாம், ஓரத்தில் போட்டிருந்த முள்ளங்கியைப் பிடுங்கி மனதை ஆற்றிக்கொண்டேன். அது அவசரக்காரர்களுக்காகவே படைக்கப்பட்ட கிழங்கு.

படையலுக்கு முந்தின நாள் காலையில் உங்கள் தங்கை பாத்தியில் உட்கார்ந்தாள். முதல் கேரட்டின் தழையைப் பிடித்து இழுத்தாள். நான் மதிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மண்ணைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க," என்றாள் கடைசியில், "நேராத்தானுங்க இருக்குது."

மச்சான், நேராக வந்துவிட்டது. ஊட்டிக் கேரட் அளவு நீளமில்லை, கொஞ்சம் குட்டைதான். ஆனால் ஒற்றைக் கால். வரிசையாக எல்லாமே அப்படி. பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன். மொட்டை போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று மட்டும், சல்லடைக்குத் தப்பிய ஏதோ கல்லில் இடித்து, இரண்டு காலோடு வந்தது. அதை நான் தூக்கி எறியப் போனேன். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நேற்று உங்கள் இலையில் பொரியல் வைத்தது நேர் கேரட்டில்தான். எல்லாம் பரிமாறி, சூடம் ஏற்றப் போகும்போது உங்கள் தங்கை முடிச்சை அவிழ்த்து அந்த இரண்டு கால் கேரட்டைப் பச்சையாகவே இலை ஓரத்தில் வைத்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "இதப் பாத்தாத்தான் அண்ணனுக்கு எங்கூட்டுதுன்னு அடையாளம் தெரியும்" என்றாள். முதலில் சிரித்தது உங்கள் வீட்டுக்காரம்மாதான்.

கிளம்பும்போது உங்கள் மகன் வந்தான். "மாமா, டிக்கியத் தொறங்க." பின்னால் ஆட்கள் தீவனச் சாக்குகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "அத்தைக்கு அப்பா குடுக்கறதுங்க. நான் நிறுத்த முடியுங்களா?" என்றான். நான் டிக்கியைத் திறந்தேன். வேறென்ன செய்வது?

கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு வந்தோம். ராசிபுரம் தாண்டியதும் உங்கள் தங்கை பின்பக்கம் திரும்பி மோந்து பார்த்தாள்.

"ரொம்ப ஈரமா இருக்குதுங்க. இது மக்கட்டும். மொதல்ல கத்திரிக்கா போட்டுக்கலாம்" என்றாள்.

ஆகவே உறுதி சொல்கிறேன் மச்சான். உங்கள் வீட்டிலிருந்து எரு வரும்வரை இந்தப் பாத்தி சும்மா கிடக்காது. அடுத்த மாசிக்கும் வருகிறேன். வீட்டாருக்கு நேர் கேரட், உங்களுக்கு இரண்டு காலில் ஒன்று. அதற்காகவே சலிக்கும்போது ஒரே ஒரு கல்லை மண்ணில் விட்டுவைப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய, எரு போதும் என்று இன்றுவரை சொல்லாத மாப்பிள்ளை.