பூங்கொடி வாசித்த கடிதம்

நவம்பர் 12, புதன்

காலையிலிருந்து தூறல். பொம்மிடியில் பஸ் லேட். குடை மறுபடியும் ஸ்டாஃப் ரூமிலேயே.

மாலை சிறப்பு வகுப்பு. மலைப் பிள்ளைகள் ஆறு பேரில் வந்தது பூங்கொடி ஒருத்திதான். மற்றவர்கள் சாமை அறுப்புக்குச் சித்தேரி மலைக்குப் போய்விட்டார்கள். பத்தாம் வகுப்பு, இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். கணக்கு மட்டும் மனசிலேயே போட்டுவிடுவாள். "வாயில என்ன கொழுக்கட்டையா? இப்படியே தடுக்கினா மலையில சாமை குத்தத்தான் லாயக்கு" என்றேன். அழவில்லை. "இன்னொருக்கா வாசிக்கட்டுங்களா டீச்சர்?" என்றாள். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். மிட்டாய். எச்.எம். பேச்சு: "ஒரு பிள்ளையையும் கைவிட மாட்டோம்."

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்ப வேண்டுமாம். "இந்த வருசம் நூத்துக்கு நூறு பாஸ் காட்டணுங்க. மலைப் பிள்ளைங்க ஆறும் வேணாம். படிப்ப நிறுத்திக்கிறோம்னு அப்பன்காரங்ககிட்ட எழுதி வாங்கிடுங்க. நீங்க சொன்னா கையெழுத்து போடுவாங்க."

பூங்கொடி தேறிவிடுவாள் என்றேன்.

"தேறலைன்னா நீங்க பொறுப்பா?"

எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அப்பாக்கள் பெயரில் ஆறு கடிதங்களையும் நானே எழுதினேன். என் கையெழுத்துதான் அழகாம்.

வாங்க வேண்டியது: பச்சைப்பயறு, கொசுவத்தி, பேனா ரீஃபில்.

நவம்பர் 17, திங்கள்

நல்ல வெயில். ஐந்து அப்பாக்கள் வந்து போனார்கள். பரீட்சைக் காகிதம் என்று சொன்னேன். ஒருவரும் ஒன்றும் கேட்காமல் போட்டுவிட்டுப் போனார்கள்.

மாலை பூங்கொடி ஒரு பக்கம் வாசித்தாள். இரண்டே இடத்தில் தடுக்கல். எனக்கு சந்தோஷம் வேறு. சே, என்ன ஜென்மம் நான்.

நவம்பர் 18, செவ்வாய்

மறுபடி மழை. பூங்கொடியின் அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு மகளோடு எச்.எம். அறைக்குள் வந்தார். மஞ்சப்பையில் புதுச் சாமை. "உங்களுக்குத்தாங்க டீச்சர். புள்ளைய வாசிக்க வச்சிட்டீங்களாமே."

காகிதத்தை நீட்டினேன். மற்ற ஐந்து பேரும் கேட்காததை இவர் கேட்டார். "என்னான்னு எழுதியிருக்குதுங்க?" நான் வாய் திறப்பதற்குள் அதை மகளிடம் கொடுத்துவிட்டார். "நீ வாசி சாமி. நானும் கேக்கறன்."

வகுப்பில் நிற்பதுபோலவே நிமிர்ந்து நின்று வாசித்தாள். 'என் மகள் பூங்கொடிக்குப் படிப்பில் நாட்டமில்லை. என் சொந்த விருப்பத்தின்பேரில் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன்.'

ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை.

"பரவால்லையே, நல்லா வாசிக்குதே" என்றார் எச்.எம்.

அப்பா என்னைத்தான் பார்த்தார். "நீங்க போடச் சொல்றீங்களா டீச்சர்?"

பூங்கொடியும் பார்த்தாள்.

"போடுங்க" என்றேன்.

மேசையில் இருந்த பேனா எழுதவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.