பனங்கட்டியும் சீனிதான்

அப்பா,

உயிரோடு இருந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்துத் தொடர்ந்து நாலு வசனம் பேசாதவள் இப்போது மடல் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் கொதித்த பனங்கட்டிப் பாகின் வாசம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. இன்று உங்கள் ஆண்டுத் திவசம். படையலில் ஒரு சண்டை நடந்தது. சண்டை பிடித்தவள் நான். நம்பமாட்டீர்கள்.

உங்களுக்குச் சலரோகம் என்று தெரிந்த அன்று, இனிச் சீனி தொடக்கூடாது என்றார் டொக்டர். அது யுத்தத்தால் கப்பல் வராத காலம். சீனி கண்ணில் படுவதே அரிது. நீங்கள் நல்ல பிள்ளைபோலத் தலையாட்டிவிட்டு வந்து, வழக்கம்போலத் தேத்தண்ணிக்குப் பனங்கட்டியைக் கடித்தீர்கள். ஒரு மிடறுக்கு ஒரு கடி. கொடிகாமம் சந்தையில் காய்கறி விற்றுவிட்டு வரும்போது, பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டான் ஒன்று உங்கள் சைக்கிளில் எப்போதும் தொங்கும்.

"டொக்டர் சீனியெண்டுதானே சொன்னவர். இது எங்கடை பனையிலை இருந்து வாறது. ஒண்டும் செய்யாது."

ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பினார்கள். உங்கள் காலில் முள் குத்திய புண் மட்டும் நம்பவில்லை. இரண்டு மாதமாகக் காயாமல் கிடந்தது.

கம்பஸிலிருந்து விடுமுறைக்கு வந்த நான், நீங்கள் சலம் போகும் வேலியோரத்தில் எறும்பு மொய்த்திருப்பதைக் கண்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போனவள். ஆனாலும் இதைத் தகப்பனிடம் வாய் திறந்து சொல்ல அந்தப் படிப்பு உதவவில்லை. ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் குட்டானுக்குள் வைத்தேன்: "எறும்புக்குச் சீனியும் பனங்கட்டியும் ஒன்றுதான் அப்பா. வேலியோரம் போய்ப் பாருங்கள்."

எழுத்துக் கூட்டி வாசித்தீர்கள். போய்ப் பார்த்தீர்கள். திரும்பி வந்து சிரித்தீர்கள்.

"எடி பிள்ளை, எறும்பைச் சாட்சிக்குக் கூப்பிட்டிட்டாய். இனி நான் என்னத்தை வழக்காடுறது?"

அன்றே குட்டானை அம்மாவின் கையில் கொடுத்து, "நான் கேட்டாலும் தராதை, ஒளிச்சு வை" என்றீர்கள். கேட்கத்தான் செய்தீர்கள். தராதபோது எரிந்து விழுந்தீர்கள். எனக்குப் பேச வராது, பார்க்க வரும். பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிறு காலியாக இருக்கும் நேரங்களில் உங்களுக்கு அந்த ஆசை வரவில்லை. குண்டு போடும் பொம்மர் சுற்றிவிட்டுப் போய், நாங்கள் பங்கர்க் குழியிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறிய உடனே வந்தது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அதை ஒரே வசனத்தில் உங்களிடம் சொன்னேன்.

"அப்ப பயம்தான் என்ரை வாயாலை கேக்குது."

அதன்பிறகு பங்கரை விட்டு ஏறியதும் நேரே கிணற்றடிக்குப் போவீர்கள். முகம் கழுவி, கத்தரிக் கன்றுகளுக்கு நாலு வாளி தண்ணீர் ஊற்றுவீர்கள். ஆசையை நீங்கள் துரத்தியதில்லை. "அது வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி. இருக்கக் கதிரை குடுக்காதை, கொஞ்சம் நிண்டு பாத்திட்டுப் போயிடும்" என்பீர்கள். ஒருமுறை கோயிலில் மூன்று மோதகம் சாப்பிட்டுவிட்டு வந்து, வாசல் படலையடியிலேயே நின்று, "இண்டைக்குக் கதிரை குடுத்திட்டன், பிள்ளை" என்றீர்கள். மறுநாள் திரும்பவும் தொடங்கினீர்கள். புண் காய்ந்தது.

பிறகு மருந்து வருவது நின்றது. போன மாரியில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டபோது, எங்கெல்லாமோ அலைந்தும் ஒரு போத்தல் ஊசிமருந்து கிடைக்கவில்லை. மருந்தில்லாமல் செத்த உங்களை, இனிப்பில்லாமல் செத்தவர் என்று ஊர் சொல்கிறது.

இன்று உங்கள் அக்கா, பெரிய மாமியும் அதையே சொன்னார். தம்பிக்குப் பிடித்ததை இலையில் வைக்காவிட்டால் ஆவி ஆசையோடு அலையுமாம். பனங்கட்டிப் பாகில் பயற்றம் பணியாரம் சுட்டுக் குவித்திருந்தார்.

"வாய்க்கு ருசியா ஒண்டையும் காணாமல் போனவன். இண்டைக்காவது தின்னட்டும்."

நான் தட்டை எடுத்துவிட்டேன். "உது வேண்டாம், மாமி."

"ஏன்? செத்தவைக்கும் சீனி வருத்தம் வருமோ? பட்டம் எடுத்தவ சொல்லட்டும்!"

எல்லாரும் சிரித்தார்கள். முன்பென்றால் அறைக்குள் ஓடியிருப்பேன்.

"அப்பா ஆசையோடை போகேல்லை. அதை வெண்டிட்டுப் போனவர். வெண்ட ஆளுக்கு முன்னாலை திரும்ப அதையே கொண்டுபோய் வைக்கிறது அவரைப் பழிக்கிற மாதிரி."

தட்டை நான் கீழே வைக்கவில்லை. முருங்கைக்காய்க் கறியையும் வெறும் தேத்தண்ணியையும் படைத்தேன். பணியாரம் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. ஊர் பேசட்டும். அடுத்த திவசத்துக்கும் தட்டை எடுப்பேன்.

இப்போது பொம்மர் போனபின் எனக்கும் வாய் இனிப்புக் கேட்கிறது. கேட்பது யார் என்று எனக்குத் தெரியும். அது நீங்கள் விட்டுப்போன படிப்பு. எந்தக் கம்பஸிலும் தரமாட்டார்கள்.

மாமிக்கு என்னால் மறுமொழி சொல்ல முடிந்தது. அம்மாவுக்கு முடியவில்லை. அவர் சண்டைக்கும் வரவில்லை. சுவரைப் பார்த்தபடி, "அந்த மனிசன் கெஞ்சிக் கெஞ்சிக் கேக்க, நானெல்லோ ஒளிச்சு வைச்சனான்" என்று மட்டும் சொன்னார். நான் எதைச் சொன்னாலும் படித்தவள் கதை என்றுதான் எடுப்பார். ஒருமுறை, ஒரேயொரு முறை, அவர் கனவில் வாருங்கள் அப்பா. ஒளித்து வைக்கச் சொன்னது நீங்கள்தான் என்று உங்கள் வாயால் அவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.