காணும் என்றீர்கள்

இஞ்சாருங்கோ,

காரின் பின்பெட்டியைத் திறந்தால் இன்னும் உங்கள் ஸ்கிறேப்பர்தான் முதலில் கையில் தட்டுப்படுகிறது. ஒரு மூலை உடைந்தது. கண்ணாடியில் ஐஸ் சுரண்டுகிற அந்தச் சாமானை நீங்கள் ஒருநாளும் ஸ்கிறேப்பர் என்று சொன்னதில்லை. "உந்தத் துருவலையை எடும்" என்பீர்கள், நான் ஏதோ தேங்காய் துருவப் போகிறேன் என்பதுபோல. மகள் நீளப் பிடியும் பிரஷ்ஷும் வைத்த புதிதொன்று வாங்கித் தந்திருக்கிறாள். நான் அதைத்தான் பாவிக்கிறேன். உங்களுடையதை எறியவும் மனமில்லை, தொடவும் மனமில்லை. கோபம்தான். செத்த மனுசனோடு கோபிக்கக் கூடாதாம். ஆர் சொன்னது?

இன்று காலை எங்கள் மல்வேர்ன் பகுதி முழுக்க ஐஸ் மழை பெய்து உறைந்து கிடந்தது. கார்க் கதவே இரண்டு கையாலும் இழுத்த பிறகுதான் திறந்தது. இப்படிப்பட்ட காலைகளில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாதா? எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, ஜக்கெற்றைக்கூடப் பூட்டாமல் இறங்கி, ஸ்டியரிங்குக்கு நேரே ஒரு தோசை அளவுக்குச் சுரண்டுவீர்கள். கையைத் தட்டிக்கொண்டு ஏறி, "காணும்" என்பீர்கள். போதும் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். உங்கள் வாயில் அது சொல் இல்லை, தீர்ப்பு.

"என்ரை பக்கம் ஒண்டும் தெரியேல்லையப்பா."

"உமக்கு ஏன் ரோட்டு? ஓடுறது நான்தானே. ஹீற்றர் போட்டிருக்கு, போகப் போகத் தானா இளகும்."

எங்கே இளகியது? என் பக்க ஹீற்றர் சளி பிடித்தவன் மூச்சு விடுகிற மாதிரிக் கொஞ்சம் விடும். கண்ணாடியின் அடியில் ஒரு விரல் அகலம் இளகும்போது நான் கேக் பெட்டி அடுக்கிய பேக்கரியின் வாசல் வந்துவிடும். அந்தப் பேக்கரிக்கு எந்த ரோட்டால் போகிறோம் என்று வின்ரரில் எனக்குத் தெரியாது. கார் திரும்புவதை என் உடம்பு சாய்வதை வைத்துத்தான் அறிவேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே இறங்கி என் பக்கத்தைச் சுரண்டத் தொடங்கினேன். ஹோர்ன் அடித்தீர்கள். பக்கத்து வீட்டு மனுசி ஜன்னலால் எட்டிப் பார்க்குமளவுக்கு அடித்தீர்கள். "காணும், காணும், ஏறும், வேலைக்குப் பிந்துது!"

நானும் கார் ஓடப் பழகுகிறேன் என்று கேட்டபோதும் அதே மனுசன்தான். வின்ரரில் கேட்டால், "உந்த ஸ்னோவுக்குள்ள ஆர் பழகுறது? சமர் வரட்டும், பாப்பம்." சமரில் கேட்டால், "இப்ப பழகி என்ன? வின்ரர் வந்தா உம்மால ஓடேலாது." நானும் சிரித்தேன். நீங்கள் பகிடியாகத்தான் சொல்வீர்கள், அதுதான் உங்கள் கெட்டித்தனம். பகிடிக்கு எப்படிச் சண்டை பிடிப்பது?

அந்தக் காலையும் இப்படித்தான் ஐஸ் மழை. ஒரு தோசை சுரண்டினீர்கள், காணும் என்றீர்கள், வெளிக்கிட்டோம். கொஞ்சத் தூரம் போயிருப்போம். காரை மெல்ல ஓரத்தில் விட்டு நிற்பாட்டினீர்கள். எஞ்சினில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். "இஞ்சாரும்..." என்றீர்கள். நெஞ்சில் கையை வைத்தபடி என் பக்கம் திரும்பினீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு பேசவில்லை.

அம்புலன்சுக்கு அடித்தேன். போனில் ஒரு பெண் பிள்ளை நிதானமாகக் கேட்டாள்: எங்கே நிற்கிறீர்கள்?

நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு முன்னால் வெள்ளை. பக்கத்து ஜன்னலும் வெள்ளை. எந்த ரோட்டு, எங்கே திரும்பினோம், ஒன்றும் தெரியாது. அவள் திரும்பவும் கேட்டாள். உங்கள் மேலால் எட்டி, நீங்கள் சுரண்டிய ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். யாரோ வீட்டு வாசலில் ஒரு நீலக் குப்பைத் தொட்டி தெரிந்தது. அவ்வளவுதான். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்றா சொல்வது? இறங்கி ஓடினேன், சறுக்கி விழுந்தேன், எழும்பி மூலைவரை போய், கம்பத்தில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாக வாசித்துச் சொன்னேன். திரும்பி வந்தபோது உங்கள் கை மடியில் விழுந்து கிடந்தது. கண்ணாடியில் உங்கள் தோசை மட்டும் பளிச்சென்று இருந்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று டொக்டர் சொன்னார். போனை வைத்தே இடத்தைப் பிடித்திருப்பார்கள் என்று மகளும் சொன்னாள். இருக்கட்டும். அதை நான் நம்பினேன் என்று உங்களுக்கு எழுத மாட்டேன். ரோட்டு தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஐஸில் விழுந்து எழும்பிக்கொண்டு நின்றேன். அது போதாதா நான் கோபிக்க?

செத்த வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "தங்கமான மனுசன். மனுசியை ஒருநாள் பஸ்ஸில விட்டிருப்பாரே?" ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். ஓம், விடவில்லைத்தான். பஸ்ஸில் போயிருந்தால் ஜன்னலால் ரோட்டையாவது பார்த்திருப்பேன் என்று சொல்ல வாய் துடித்தது. பெட்டிக்குள் நீங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தீர்கள். வடிவாக இருந்தீர்கள், அதைப் பார்க்கவும் எனக்கு எரிச்சல் வந்தது. அழுதேன், ஏன் அழாமல்?

பிறகு பழகினேன். உங்கள் சொல்படி இல்லை, நடு வின்ரரில். பழக்க வந்த பெடிச்சி முதல் நாள் கார் ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பைத் தரமாட்டேன் என்றாள். "அன்ரி, முதல்ல கண்ணாடி முழுக்க. ஜன்னலுகள், லைற்றுகள், கூரையில கிடக்கிற ஸ்னோவும். பிரேக் அடிக்கேக்க அது முன்னால வந்து மூடும்." முழுக்கச் சுரண்டி முடித்துவிட்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்தேன். இவ்வளவு அகலமா இந்த ரோட்டு என்று அவளிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோதனையில் முதல்தரம் பெயில், அடுத்தமுறை லைசென்ஸ் கைக்கு வந்தது.

இன்று காலை மகளைச் சப்வேயில் விட வேண்டும். என் பக்கம் முடித்து அவள் இருக்கிற பக்கத்துக்கு வந்தேன். ஐஸ் விறைத்துப்போய் ஒட்டிக்கிடந்தது. அவள் வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டு கத்தினாள்: "அம்மா, ஐ ஆம் சோ லேட்! நீங்கள்தானே ஓடுறீங்கள், உங்கட சைட் கிளியர். காணும்!"

உங்கள் குரல் மாதிரியே இருந்தது. பிள்ளைக்கு எங்கள் தமிழில் பாதி வராது, அந்தச் சொல் மட்டும் எப்படித்தான் வந்ததோ!

"காணாது," என்றேன். என் வாயிலிருந்து அது வந்த வேகத்தில் அவள் போனைப் பைக்குள் வைத்தாள். கடைசி ஐஸ் சில்லும் போகும்வரை சுரண்டினேன். தோள் இன்னும் நோகிறது.

இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ரோட்டின் பெயரைச் சத்தமாக வாசிக்கிறேன். பழக்கமாகிவிட்டது. "ஜிபிஎஸ் இருக்கு, அம்மா," என்று மகள் பகிடி பண்ணுகிறாள். பண்ணட்டும். பக்கத்தில் இருக்கிற அவளையும் வாசிக்கச் சொல்கிறேன். எங்கே நிற்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், அவளுக்கும் சொல்லத் தெரிய வேண்டும்.